டன்வேகன் கோட்டைக்குக் கிளம்பும்முன் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் இருக்கும் டன்வேகன் கோட்டைக்குப் போன கோடையில் குடும்பத்தோடு போய்வந்தோம். கோட்டையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் வாசலிலிருந்து சில மைல் தள்ளி எங்கள் வாடகைக் காரின் டயர் கிழிந்தது. அதன் பிறகு சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் மாலை வரை நாங்கள் பட்ட பாட்டையும், போன பணத்தையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கிளம்பும்முன் எத்தனையோ பயணக் குறிப்புகள் படித்தேன். எல்லாரும் மலையையும் ஏரியையும் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். தீவில் சனிக்கிழமை சாயங்காலம் டயர் போனால் என்ன ஆகும் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் என்று ஐந்து பேர். இன்வர்னெஸ் வரை ரயில், அங்கே வாடகைக் கார், டன்வேகனைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடுவது என்று திட்டம். இவருக்கு இங்கே லைசென்ஸ் இல்லை, அதனால் ஓட்டியது முழுக்க நான்தான். இன்வர்னெஸிலிருந்து டன்வேகனுக்குச் சுமார் 3 மணி நேரம் என்று மேப் காட்டும். அது நிற்காமல் போனால். நெஸ் ஏரி ஓரமாக வந்து, மேற்கே திரும்பி, கிளென் ஷீல் பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகு நிற்காமல் போவதற்குக் கல்மனசு வேண்டும். இரண்டு பக்கமும் மலைச்சரிவு, பச்சை, அருவி. 1719-ல் ஜேக்கபைட்டுகளும் (பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி அரியணை ஏற்றப் போராடியவர்கள்) அவர்களுக்குத் துணையாக வந்த ஸ்பானியப் படைவீரர்களும் அரசாங்கப் படையோடு மோதித் தோற்றது இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

அடுத்து, சாலை ஓரத்திலேயே எய்லன் டோனன் கோட்டை வரும். காலண்டர்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வருகிற அதே கோட்டை. அதே 1719-ல் அரசுப் போர்க்கப்பல்கள் அதைக் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டன. இருநூறு வருஷம் இடிபாடாகவே கிடந்தது. இப்போது நாம் பார்ப்பது மெக்ரே குலத்தைச் சேர்ந்த ஒருவர் மறுபடி கட்டி 1932-ல் முடித்தது. வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரே நாளில் இரண்டு கோட்டைக்கும் டிக்கெட் வாங்கினால் இரண்டையுமே ஓட்டமும் நடையுமாகத்தான் பார்க்க முடியும். அப்புறம் ஸ்கை பாலம். 1995-ல் திறந்தார்கள். சுங்கக் கட்டணத்தை எதிர்த்து மக்கள் வருஷக்கணக்கில் போராடி, 2004-ல் அதை எடுக்க வைத்தார்கள். இப்போது இலவசம்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. ஸ்காட்லாந்து வருகிறவர்கள் பலர் அரசுப் பராமரிப்பில் உள்ள கோட்டைகளுக்கான பாஸ் வாங்கி வைத்திருப்பார்கள். எடின்பரோ, ஸ்டெர்லிங், நெஸ் ஏரிக்கரையில் உள்ள அர்க்கட் எல்லாவற்றுக்கும் அது செல்லும். டன்வேகனுக்குச் செல்லாது. இது மெக்லியட் குலத் தலைவர்களின் சொந்தச் சொத்து. 800 வருஷமாக அவர்கள் குடும்பத்திடமே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் பொதுவாகத் திறந்திருக்கும். குளிர்கால விடுமுறையில் போக நினைப்பவர்கள் கவனிக்கவும்.

கோட்டைக்குள் போனதும் பிள்ளைகள் கேட்டது பாதாளச் சிறையைத்தான். பெரிய வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே ஒரு குழி. ஆளை மேலிருந்து உள்ளே இறக்கிவிடுவார்களாம். சமையலறை வாசனை அங்கே வரும்படி ஒரு துவாரம் வைத்து, பட்டினி கிடப்பவனை இன்னும் வதைத்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். என் சின்னவள் அதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு வேளை எப்போது என்று கேட்டாள். அடுத்து ரோரி மோர் கொம்பு. வெள்ளி விளிம்பு போட்ட மாட்டுக் கொம்பு, ஒன்றரை பாட்டில் ஒயின் கொள்ளும். வாரிசாக வருகிறவர் அதை ஒரே மூச்சில் குடித்துக் காட்ட வேண்டும் என்பது மரபு.

எல்லாரும் பார்க்க வருவது தேவதைக் கொடியை. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய, கிழிந்த ஒரு பட்டுத்துணி, அவ்வளவுதான். துணியை ஆராய்ந்தவர்கள் சிரியாவிலோ ரோட்ஸ் தீவிலோ நெய்ததாக இருக்கலாம் என்றார்கள். குலத்தவர் நம்பிக்கை வேறு. தேவதை கொடுத்தது, ஆபத்தில் மூன்று முறை விரிக்கலாம், இரண்டு முறை ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்த மெக்லியட் இளைஞர்கள் இந்தக் கொடியின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பறந்தார்களாம். என் மாமியார் அந்தச் சட்டத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றப் போனார். நான்தான் தடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த அறையில் மற்றவர்களைவிட அவருக்குத்தான் அது நன்றாகப் புரிந்திருந்தது.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு கதை. எட்டாம் தலைவர் அலஸ்டர் எடின்பரோவில் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸின் விருந்துக்குப் போனபோது, இவ்வளவு பெரிய கூடமும் மேசையும் விளக்கும் உங்கள் ஊரில் உண்டா என்று ஒரு பிரபு கிண்டலாகக் கேட்டாராம். இதைவிடப் பெரிதே இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு அவர்களை ஸ்கைக்கு வரவழைத்து, உச்சி தட்டையான ஒரு மலைமேல் விருந்து வைத்து, சுற்றிலும் குலத்தவர்களைத் தீப்பந்தத்தோடு நிற்க வைத்தார். வானம் கூடம், மலை மேசை, ஆட்கள் விளக்கு. மெக்லியட் மேசைகள் என்று பெயர் பெற்ற அந்த இரண்டு மலைகளும் அங்கே போகும் வழியிலேயே தெரியும். மேகம் மூடாமல் இருந்தால்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று இருக்கிறது. 23-ஆம் தலைவர் ஜெனரல் நார்மன் மெக்லியட் கிழக்கிந்தியக் கம்பெனிப் போர்களில் தென்னிந்தியாவுக்கு வந்தவர். 1782-ல் மலபாரில் பொன்னானியில் திப்புவின் படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கினார். ஸ்கையின் ஈரத்திலிருந்து பொன்னானி வெயிலுக்கு! குடும்பத்துக்குக் கெட்ட காலமும் வந்தது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குடியானவர்களுக்குச் சோறு போட்டே 25-ஆம் தலைவர் கடனாளியாகி, கோட்டையை வாடகைக்கு விட்டுவிட்டு லண்டனில் எழுத்தர் வேலைக்குப் போனார். 2000-ஆம் ஆண்டில்கூட, கூரை ஒழுகுகிறது, செப்பனிடப் பணம் வேண்டும் என்று 29-ஆம் தலைவர் ஸ்கையில் உள்ள குயிலின் மலைத்தொடரையே ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனைக்கு அறிவித்து, பெரிய எதிர்ப்பு கிளம்பி, பிறகு விலக்கிக்கொண்டார். ஒழுகுகிற ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கமே வந்தது.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முக்கிய அறைகளெல்லாம் மாடிப்படி ஏறிப் போக வேண்டியவை. என் மாமியாருக்கு முட்டி வலி. "ஏம்மா, இத்தனை பெரிய வீட்டுக்கு ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்றார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறிவிட்டார், ஆனால் அதற்கே நேரம் போனது. தோட்டம் அப்படியில்லை, ஆங்காங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கடல்நாய்களைப் பார்க்கச் சின்னப் படகில் கூட்டிப்போகிறார்கள். அதற்கு டிக்கெட் தனி, காற்று பலமாக அடித்தால் படகு போகாது. அதனால் வந்தவுடன் முதலில் படகைக் கேளுங்கள், கோட்டை எங்கும் ஓடிவிடாது. இன்னொன்று, 1748 வரை இந்தக் கோட்டைக்குக் கடல் பக்கத்து வாசல் மட்டும்தானாம். வருகிறவன் படகில்தான் வர வேண்டும். அன்று மாலை அந்தக் காலத்து ஆட்கள் விவரமானவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

கோட்டையிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் க்ளேகன் என்ற இடம். காரை விட்டுவிட்டு ஒரு மைல் நடந்தால் வெள்ளையான ஒரு கடற்கரை. பவளக் கடற்கரை என்று பெயர், ஆனால் அது பவளம் இல்லை, சுண்ணாம்பாக இறுகிய கடற்பாசித் துணுக்குகள். பிள்ளைகள் கேட்டார்கள், சரி என்றேன். அங்கே போகும் சாலை ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். அந்த இடம் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் பக்கத்திலேயே நின்று எதிர்வண்டியை ஒதுங்க விட வேண்டும். மேடேறி வரும் வண்டிக்கு முதலிடம். பின்னால் வருகிறவர் அவசரத்தில் இருந்தால் அவரையும் விட்டுவிட வேண்டும், அவர் உள்ளூர்க்காரராக இருப்பார். படம் எடுக்க அங்கே காரை நிறுத்தவே கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எதிரே ஒரு பெரிய கேம்பர்வேன் ஒதுங்காமல் வந்தது. அதற்கு வழி விட்டு ஓரம் கட்டியபோது தார் உடைந்து கூராக நின்ற விளிம்பில் முன்சக்கரம் இறங்கியது. படார் என்று சத்தம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு கிழிசல். ஸ்டெப்னி எடுக்கலாம் என்று டிக்கியைத் திறந்தோம். ஸ்டெப்னி இல்லை. ஒரு சின்ன கம்ப்ரஸரும் பசை பாட்டிலும் இருந்தன. இங்கே புதிய கார்கள் பலவற்றில் இப்போது இப்படித்தான். ஆணி குத்திய ஓட்டைக்கு அந்தப் பசை சரி, பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது எதுவும் செய்யாது. காரை எடுக்கும்போதே டிக்கியின் தரையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி உள்ள கார் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு சைஸ் சின்னதானாலும் அதையே எடுங்கள்.

ஃபோனில் சிக்னல் இல்லை. (உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999 வேறு நெட்வொர்க் வழியாகவும் போகும், எங்களுடையது அந்த வகை இல்லையே.) இவர் மேட்டுப்பக்கம் நடந்து போய் சிக்னல் பிடித்து, கார் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினார். அதுவரை நாங்கள் காருக்கு வெளியே நின்றோம், அப்போதுதான் மிட்ஜ் வந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிப்பூச்சி, கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். காற்று அடித்தால் வராது, காற்று நின்ற சாயங்காலம் அதற்குக் கொண்டாட்டம். மாமியார் முந்தானையை முகத்தோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்களில் கடி படாதவர் அவர் ஒருவர்தான். தலையில் மாட்டும் வலை சில பவுண்டுதான், மே முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உதவி எண்ணில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது இது. நாங்கள் கட்டிய இன்ஷூரன்ஸில் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றும் சேராது. டயர் கிழிந்தது இயந்திரக் கோளாறு இல்லை என்பதால் வண்டியைத் தூக்கிப்போகும் செலவும் எங்களுடையது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, பாருங்கள் என்றார். பார்த்தேன், இருந்தது. நாலாம் பக்கத்தில், கடுகு எழுத்தில். கவுண்டரில் காரைக் கொடுத்தவர் "ஃபுல் கவர்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அந்த வார்த்தையை யார் சொன்னாலும், "டயருக்கும் சேர்த்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது. கார் நிறுவனத்திடம் இல்லாமல், தனியாக வேறு இடத்தில் எக்ஸஸ் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று வாங்கலாம், சேதம் ஆனால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைத் திருப்பித் தருவது அது. கவுண்டரில் விற்பதைவிடப் பெரும்பாலும் மலிவு, பல திட்டங்களில் டயரும் கண்ணாடியும் சேர்ந்தே வரும், வாங்கும்முன் அதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் முதலில் நாம்தான் பணம் கட்ட வேண்டும், ரசீது காட்டிப் பிறகு வாங்க வேண்டும். அதனால் கார்டில் இடம் வைத்திருக்க வேண்டும். கார் எடுக்கும்போதே டெபாசிட் என்று ஒரு பெரிய தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஊரிலிருந்து வரும் உறவினர் ஃபாரெக்ஸ் கார்டை மட்டும் நம்பி வந்தால் பல இடங்களில் காரே தர மாட்டார்கள்.

காரைத் தூக்கிப்போகும் லாரி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றார். நாங்கள் ஐந்து பேர். இவரும் பெரியவனும் அதில் ஏற, எங்களுக்கு ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீயிலிருந்து டாக்ஸி வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்ஸியைப் பிடித்துக் கொடுத்ததும், ராத்திரிக்கு ரூம் பிடித்துக் கொடுத்ததும் பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மாள். கோடைச் சனிக்கிழமையில் ஸ்கையில் ரூம் கிடைப்பது பகல் கனவு, ஆன்லைனில் ஒன்றுமே இல்லை. அவர் தம் சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஃபோன் செய்து ஒரு இடம் பிடித்தார். ஆப்பில் ரூம் இல்லை என்று காட்டினால் தளராமல் உள்ளூர்க்காரர் யாரையாவது கேளுங்கள்.

போர்ட்ரீ போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் ஏமாற்றுகிறது. ஜூனில் அங்கே ராத்திரி பத்து மணிக்கும் சூரியன் இருக்கும், ஆனால் சமையலறைகளை எட்டு, எட்டரைக்கே மூடிவிடுகிறார்கள். சைவச் சாப்பாடு தேடி அலைந்து, கடைசியில் மாமியார் கட்டிவந்த புளியோதரையைத் தங்கும் வீட்டுப் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இதை எதுக்கு அத்தை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றீங்க" என்று காலையில் கேட்டிருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திரத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் ஞாயிறு. மேற்குத் தீவுப் பக்கங்களில் ஞாயிறு ஓய்வுநாள் என்ற திருச்சபை மரபு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கடைகளும் உணவகங்களும் ஓரளவு திறந்தன, டயர் கடை திறக்கவில்லை. திங்கள் காலை போனால் அந்த அளவு டயர் இருப்பில் இல்லை, இன்வர்னெஸிலிருந்து வர வேண்டும். சாயங்காலம்தான் கார் கைக்கு வந்தது. இடையில் ஞாயிறு ரயிலுக்கு எடுத்திருந்த அட்வான்ஸ் டிக்கெட்டுகள். அவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, ஆனால் ரயில் கிளம்பும்முன் மாற்றினால் மாற்றுக் கட்டணமும் வித்தியாசத் தொகையும் கட்டி வேறு ரயிலுக்குப் போகலாம். சனி இரவே வைஃபையில் மாற்றிவிட்டதால் அது மட்டும் முழுசாகப் போகவில்லை. லாரிக்கு 195 பவுண்ட், டயருக்கு 148, ரூமுக்கு 360, டாக்ஸிக்கு 65, ரயில் மாற்றத்துக்கு 140, கூடுதல் கார் வாடகை 90. கூட்டினால் ஆயிரத்துக்கு இரண்டு குறைவு. எனக்கு அழுகை வந்தது பணத்துக்காக இல்லை. திங்கள் காலை வேலைக்கு வரமுடியவில்லை என்று போர்ட்ரீ துறைமுகத்தில் நின்று மேலாளரிடம் விளக்கியபோதுதான் வந்தது.

போகிறவர்கள் ஸ்கையில் ஒரு இரவாவது தங்குவது போல வையுங்கள், முடிந்தால் வாரத்தின் நடுவில். வியாழன் டயர் போனால் வெள்ளிக்கிழமை தீரும், சனி மாலை போனால் எங்கள் கதைதான். பாலம் தாண்டியதும் வரும் பிராட்ஃபோர்டில் பெட்ரோலும் சாப்பாட்டுச் சாமானும் வாங்கிவிடுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து கார் நிறுவனத்திடமிருந்து இன்னொரு பில் வந்தது. சேதத்தைப் பதிவு செய்த நிர்வாகக் கட்டணம் 40 பவுண்ட், சக்கர வளையத்தில் கீறல் என்று தனியாக ஒரு தொகை. காரை எடுத்த அன்று இவர் நாலு சக்கரத்தையும் கிட்டப்போய்ப் படம் எடுத்து வைத்திருந்தார், அந்தக் கீறல் அதிலேயே இருந்தது. படத்தையும் டயர் கடை ரசீதையும் அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டோம். கீறலுக்கான தொகையை எடுத்துவிட்டார்கள். 40 பவுண்டுக்கு இன்னும் இரண்டு மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது, அதுவும் திரும்ப வந்தது.